நிலக்கரித் தூசியும் நாற்பதாம் பிரிவும்

இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம். அதன் 40ஆம் பிரிவு வழக்குத் தொடுப்பவரிடம் கேட்பது மேலோட்டமாகப் பார்த்தால் மிகக் கொஞ்சம். எந்த நீதிமன்றம், என்ன திகதி, வழக்காளி யார், எதிராளி யார், எங்கே வசிக்கிறார்கள், என்ன நடந்தது, எங்கே, எப்போது, என்ன நிவாரணம் வேண்டும். நடந்ததைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் இலக்கமிட்ட பந்திகளில் எழுத வேண்டும். வழக்கு மூலங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவையானால் ஒவ்வொன்றையும் தனியே பிரித்துச் சொல்ல வேண்டும். நாலு எழுத்துப் படித்த எவரும் எழுதிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் நுரைச்சோலையில் வெங்காயம் செய்யும் ஒருவர், அனல் மின் நிலையத்துத் தூசியால் தன் பயிர் கெட்டது என்று புத்தளம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக நினைக்கட்டும். அந்தப் பட்டியலின் ஒவ்வொரு சொல்லும் அவரை மறிக்கும்.

அவர் கற்பனை மனிதர். இடம் மட்டும் உண்மை. கற்பிட்டிக் குடாநாட்டின் அடிப்பகுதியில், மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்புமாக ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம் அது. ஆழமில்லாத கிணற்று நீரை இறைத்துச் சின்ன வெங்காயம், மிளகாய், மரக்கறி, புகையிலை செய்கிறார்கள். கரையோரம் மீன்பிடி. கத்தோலிக்கர், முஸ்லிம்கள், சிங்களவர், தமிழர் என்று கலந்து வாழும் இந்தப் பகுதிக்கு, 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. பக்கத்திலேயே தலவில புனித அன்னம்மாள் தேவாலயம் இருப்பதால், நிலக்கரி மின் நிலையத் திட்டத்துக்குத் திருச்சபையிலிருந்தும் நீண்ட காலம் எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் திட்டம் வந்தது. சீன எக்ஸிம் வங்கியின் கடனில், சீன மெஷினரி எஞ்சினியரிங் கூட்டுத்தாபனம் கட்டிய லக்விஜய மின் நிலையத்தின் முதல் 300 மெகாவாட் அலகு 2011 மார்ச் 22இல் திறந்துவைக்கப்பட்டது. இன்னும் இரண்டு அலகுகள் சேர்ந்து முழுக் கொள்ளளவு 900 மெகாவாட் ஆனதன் விழா 2014 செப்டெம்பர் 16இல், சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் இலங்கை வந்திருந்த நாளில் நடந்தது.

இந்த நிலையத்தின் இயக்கத்தில் நம் வழக்குக்கு வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. நிலக்கரிக் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, பாதைப் படகுகளில் நிலக்கரியை மாற்றிக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் அந்த வேலை நடக்காது. ஆகவே கடல் அமைதியாக இருக்கும் மாதங்களிலேயே வேண்டிய நிலக்கரியை இறக்கித் திறந்தவெளியில் குவித்துவைக்க வேண்டியிருக்கிறது. மே மாதம் காற்று எழும்போது குவியல் உச்சத்தில் இருக்கும். காற்றோ கடலிலிருந்து தரைப்பக்கம், தோட்டங்களை நோக்கி அடிக்கும். தூசியின் கணக்கு அவ்வளவுதான். அதை ஒரு முறைப்பாட்டில் எழுதுவதுதான் பாடு.

முதல் கேள்வி: எதிராளி யார்? நிலையத்தின் உரிமையாளராக இருந்துவந்த இலங்கை மின்சார சபை 1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான கூட்டிணைக்கப்பட்ட அமைப்பு. அதன் மீது நேரே வழக்கிடலாம். ஆனால் 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையின் பணிகளைத் தனித்தனி நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுக்க வழி திறந்தது. ஆகவே இனிமேல் வழக்கிடுபவர், தூசி பறந்த காலத்துக்குப் பொறுப்பு யார், இன்றைக்குப் பொறுப்பு யார் என்று இரண்டையும் பார்த்தே பெயரெழுத வேண்டும். சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைக் கொடுத்துவிட்டுக் கண்காணிக்காமல் இருந்தார்கள் என்று மத்திய சுற்றாடல் அதிகாரசபையைச் சேர்க்கலாமா? சேர்த்தால் அது வேறொரு வழக்கு மூலம். தனியே எழுத வேண்டும். அரசையும் விடக்கூடாது என்று சட்டமா அதிபரை எதிராளியாக்கினால் 461ஆம் பிரிவு குறுக்கே வரும். ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்ததாக முறைப்பாட்டிலும் சொல்லியிருக்க வேண்டும். கொடுக்கவும் கொடுத்துவிட்டு, அதைச் சொல்ல மறந்தவர்களும் உண்டு.

பெயரெழுதும் சங்கடம் எழுத்தாணைப் பக்கத்தில் இன்னும் கடுமை. ஹனிபா எதிர் நாவலப்பிட்டி நகர சபைத் தலைவர் என்ற 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பு 66ஆம் புதிய சட்ட அறிக்கையில் இருக்கிறது. கட்டளை எழுத்தாணை பதவியின் பெயருக்குப் போகாது, அந்தப் பதவியில் இருக்கும் ஆளின் பெயருக்குத்தான் போகும் என்றது அது. ஒரு மனுவில் தலைவரின் பதவி மட்டும் எழுதப்பட்டு, அவர் பெயர் விடுபட்டால் போதும். குறை என்னவென்று கேட்காமலே அனுப்பிவிடலாம். அந்த விதிக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டளையை மீறினால் தண்டிக்க ஓர் ஆள் வேண்டும். ஆனால் இடமாற்றத்தில் ஆண்டுக்கு ஓர் அதிகாரி மாறும் அலுவலகத்தின் முன்னால் நிற்பவருக்கு அந்த நியாயம் அவ்வளவாகத் தெரியாது.

இரண்டாவது, எங்கே? காணியையே கேட்டு வழக்கிடுவதானால் 41ஆம் பிரிவின்படி நான்கெல்லையும் சொல்லி, அல்லது போதிய வரைபடத்தைக் காட்டி, இன்ன காணி என்று அடையாளப்படுத்த வேண்டும். இந்தக் கரையோரத்தில் பழைய உறுதிகளில் மேற்கெல்லை கடல் என்று எழுதியிருக்கும், கடல் நகர்ந்திருக்கும். அளந்து வந்த நிலமும் முறைப்பாட்டில் சொன்ன நிலமும் வேறாகிப்போனால் பிரிவிடல் வழக்கு நகராது என்று பிரம்பி அப்புஹாமி வழக்கில் (60 புதிய சட்ட அறிக்கை 337) சொன்னார்கள். காணியின் அடையாளம் நிலைநாட்டப்படாமல் உரித்தைப் பற்றிப் பேசவே முடியாது என்று லத்தீப் எதிர் மன்சூர் (2010) வழக்கில் நீதியரசர் மர்சூப் விரிவாக எழுதினார். நம் வெங்காயத் தோட்டக்காரர் கேட்பது காணியை அல்ல, நட்டத்தை; ஆகவே 41 அவரை நேராகக் கட்டாது. ஆனால் குவியலிலிருந்து தோட்டம் எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று சொல்லாவிட்டால் அவர் கதையில் காற்றுக்கு இடமில்லை. இடையில் ஒரு செய்தி: அம்பாறை மாவட்டத்தில் அக்கரைப்பற்றிலும் ஒரு நுரைச்சோலை இருக்கிறது. சுனாமிக்குப் பின் சவூதி உதவியில் கட்டப்பட்ட 500 வீடுகள் அங்கேதான் வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் குடியேறாமல் கிடந்தன. ‘நுரைச்சோலை வழக்கு’ என்றதும் கிழக்கில் பலருக்கு நினைவுக்கு வருவது அதுதான். ஊரின் பெயரை மட்டும் எழுதிவிட்டு இடத்தைச் சொல்லியாயிற்று என்று இருந்துவிட முடியாது.

மூன்றாவது, எப்போது? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின் 9ஆம் பிரிவு, இப்படிப்பட்ட நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டு கொடுக்கிறது. தொல்லை தொடர்ந்து நடக்கிறது, ஒவ்வொரு காற்றுக்காலமும் புதிய தீங்கு என்று வாதாடலாம். ஆனால் அப்படி வாதாட, எந்த ஆண்டின் எந்தப் போகம் கெட்டது என்று பந்தி பந்தியாகப் பிரித்து எழுதியிருக்க வேண்டும். “2014 முதல் இன்றுவரை” என்று ஒரே வரியில் எழுதினால், அந்த வரியைத்தான் எதிர்த்தரப்பு முதலில் கிழிக்கும்.

நான்காவதுதான் உண்மையில் கடினமானது: என்ன நடந்தது? உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் அக்குவிலிய நடவடிக்கைக்குத் தவறான செயல், கவலையீனம் அல்லது உள்நோக்கம், காரணத் தொடர்பு, பணத்தில் மதிக்கத்தக்க நட்டம் ஆகிய எல்லாம் வேண்டும். தோட்டக்காரருக்குத் தெரிந்தது, இலையில் கறுப்பாகப் படிந்தது, வெங்காயம் சிறுத்தது, சந்தையில் விலை குறைந்தது. படிந்தது நிலக்கரித் தூசியா, சாம்பலா, வீதிப் புழுதியா? அன்றைக்குக் குவியலுக்கு நீர் தெளித்தார்களா? காற்றுத் தடுப்பு வேலி நின்றதா? சாம்பல் மேட்டை மூடியிருந்தார்களா? காற்றுத் தர அளவீடு என்ன காட்டியது? கவலையீனம் என்ற சொல்லுக்குள் போட வேண்டிய செய்திகள் முழுவதும் மதிலுக்கு உட்புறம் இருக்கின்றன. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் 23அ பிரிவின் கீழ் வழங்கப்படும் உரிமத்தின் நிபந்தனைகள், கண்காணிப்பு அறிக்கைகள் எல்லாம் அதிகாரசபையின் கோப்பில். வழக்காளி எழுதும் பந்தி மொட்டையாக இருப்பது அவர் சோம்பலால் அல்ல.

ஊரோடு சேர்ந்து போவதும் எளிதல்ல. நாற்பது தோட்டக்காரர் ஒன்றாக வழக்கிட்டால் ஒவ்வொருவர் நட்டமும் தனித் தனி. ஒரே வழக்கு மூலம்தானா என்ற ஆட்சேபம் உடனே எழும். 11ஆம் பிரிவும் 16ஆம் பிரிவும் இதற்கு வழி வைத்திருக்கின்றன. பொதுவான நலன் உள்ள பலருக்காகச் சிலர் வழக்கிடுவதற்கு நீதிமன்றத்தின் அனுமதியும் மற்றவர்களுக்கு அறிவித்தலும் வேண்டும். அனுமதி கேட்காமல் நாற்பது பெயரையும் தலைப்பில் எழுதிவிட்டு வந்தால் அதுவும் ஒரு குறை.

இந்தக் குறைகளோடு முறைப்பாடு நீதிமன்றத்துக்குப் போகிறது. சட்டத்தின்படி முதல் வாசலிலேயே நீதிபதி அதைப் படிக்க வேண்டும். 46ஆம் பிரிவு அவருக்கு இரண்டு கருவிகளைக் கொடுக்கிறது. விவரங்கள் சரியாகவும் வளவளப்பின்றியும் சொல்லப்படவில்லை, தேவையற்றவை சேர்ந்திருக்கின்றன, தரப்பினர் தவறாகச் சேர்க்கப்பட்டுள்ளனர் என்பவை போன்ற குறைகளுக்கு அங்கேயே, அல்லது தவணை குறித்து, திருத்தித் தரும்படி திருப்பிக் கொடுக்கலாம். வழக்கு மூலமே புலப்படவில்லை, அல்லது சட்டத்தின் ஏதோ ஒரு விதியால் தடுக்கப்பட்டிருக்கிறது என்றால் நிராகரிக்க வேண்டும். நிராகரிக்க வேண்டிய காரணங்களில் ஒன்று இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது: திருத்துவதற்கெனத் தவணையோடு திருப்பிக் கொடுத்த முறைப்பாடு, அந்தத் தவணைக்குள் திருத்தப்படாமல் இருத்தல். அதாவது மீண்டும் மீண்டும் பிழைபட எழுதுவதைச் சட்டக்கோவை ஆரம்பத்திலேயே நினைத்திருக்கிறது. பிழை எதுவெனக் காட்டி, நேரம் கொடுத்து, அதன் பின்னும் திருந்தாவிட்டால் கதவை அடை என்கிறது. இந்த வரிசையில் நியாயம் இருக்கிறது. நிராகரிப்பு தன்னளவில் அதே வழக்கு மூலத்தில் புதிய முறைப்பாடு கொண்டுவருவதைத் தடுப்பதில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக் கடிகாரம் அதற்காக நிற்பதுமில்லை.

நடைமுறையில் முதல் வாசலில் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. சட்டத்தரணி கொண்டுவந்த தாளைப் பதிவகம் வாங்குகிறது. ஏற்று அழைப்பாணை அனுப்புக என்று வழக்கேட்டில் ஒரு குறிப்பு விழுகிறது. குறை முதன்முதலாக வெளியே வருவது எதிராளியின் மறுமொழியில், அல்லது விளக்கம் தொடங்கும் நாளில் சட்ட எழுவினாவாக. 147ஆம் பிரிவின் கீழ் சட்ட எழுவினாவை முதலில் தீர்க்கலாம். அதிலேயே வழக்கும் முடிந்துவிடலாம். அதற்குள் பல ஆண்டுகள் போயிருக்கும்.

அந்த நேரத்தில் திருத்தலாமா? இங்கேதான் சட்டத்தின் போக்கு ஒரு நூற்றாண்டில் தலைகீழானது. பழைய 93ஆம் பிரிவு, எந்த வேளையிலும், செலவு பற்றிய நிபந்தனையோடு, முறைப்பாட்டையும் மறுமொழியையும் திருத்த நீதிமன்றத்துக்கு முழு அதிகாரம் கொடுத்திருந்தது. தவறு செய்தவர் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டிவிட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்பது அன்றைய மனநிலை. இந்தத் தாராளம் தவணை கேட்கும் தந்திரமாக மாறியது. விளக்க நாளன்று காலையில் திருத்த விண்ணப்பம் வரும், வழக்கு இன்னும் ஆறு மாதம் தள்ளும். 1988ஆம் ஆண்டின் 79ஆம் இலக்கச் சட்டமும், அதன் பின் 1991ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் அதற்கு முற்றுப்புள்ளி வைக்கப் பார்த்தன. விளக்கத்துக்கென முதலில் குறித்த நாளுக்கு முன்னர் தாராளமாகத் திருத்தலாம். அந்த நாள் வந்த பின், திருத்த விடாவிட்டால் பாரதூரமான, ஈடுசெய்ய முடியாத அநீதி நேரும் என்று நீதிபதி காரணம் எழுதித் திருப்திப்பட வேண்டும். விண்ணப்பித்தவர் காலம் தாழ்த்தியவராகவும் இருக்கக்கூடாது. வேறெந்தக் காரணமும் எடுபடாது. விளக்கத்துக்கு முந்திய ஆராய்வை ஏற்படுத்திய 2017ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், அந்த எல்லைக் கோட்டையும் ஆராய்வுக்குக் குறித்த முதல் நாளுக்கு முன்நகர்த்தியது.

தாமதத்தைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் செய்த திருத்தம் இது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் விளைவு கோணலாகிவிட்டது. முதல் வாசலில் படிக்க வேண்டியவர் படிக்கவில்லை. எதிராளி குறையைச் சொல்லும்போது திருத்தும் வாசல் மூடியிருக்கிறது. வழக்காளி மூன்று முறை பிழைவிட்டார் என்று வழக்கேட்டைப் பார்ப்பவருக்குத் தோன்றும். பிழை எதுவென்று நீதிமன்றம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறதா என்று தேடினால் அந்தப் பக்கம் வெற்றாக இருக்கும். மீண்டும் மீண்டும் தவறினார் என்ற குற்றச்சாட்டு ஒருவர் மேல் நிற்க வேண்டுமானால், தவறு இன்னதென்று முதலில் அவருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். சொல்லப்படாத குறையைத் திருத்தவில்லை என்று வழக்கைத் தள்ளுவது, முதல் தவறுக்கே கடைசித் தண்டனை கொடுப்பதுதான்.

இலங்கை நீதிமன்றங்களில் எதிர்த்திசைக் காற்றும் வீசாமல் இல்லை. எழுவினாக்கள் வரையப்பட்டபின் வழக்கு அவற்றில்தான் உறைகிறது, முறைப்பாடும் மறுமொழியும் பின்னணிக்குப் போய்விடுகின்றன என்று ஹனபி எதிர் நல்லம்மா (1998) வழக்கில் பிரதம நீதியரசர் ஜீ. பி. எஸ். டி சில்வா சொன்னார். இது பல நல்ல வழக்குகளைக் காப்பாற்றிய கோட்பாடு. முறைப்பாட்டில் அரைகுறையாகச் சொன்னதை எழுவினாவில் ஒழுங்காகக் கேட்டுவிட்டால் தப்பலாம். ஆனால் எழுவினா வரையும் நாள்வரை வழக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கிரிவந்தே எதிர் நவரத்ன (1990). மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மனு கொண்டுபோகும்போது இணைக்க வேண்டிய ஆவணங்களை இணைக்காததால் எழுந்த பிரச்சினை அது. விதி கட்டாயமானதா, வழிகாட்டுவதா என்ற பழைய வாய்ப்பாட்டில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ நிற்கவில்லை. விதியை மீறினால் மனு தானாகவே விழாது. மீறல் எவ்வளவு பாதித்தது, அதற்கு என்ன விளக்கம் இருக்கிறது, விதியின் நோக்கம் என்ன என்பவற்றை நிறுத்துப் பார்த்தே தள்ளுவதா வைத்திருப்பதா என்று தீர்மானிக்க வேண்டும் என்றார். மேல் மன்றங்களின் விதிகளைப் பற்றிய இந்த அளவுகோலை மாவட்ட நீதிமன்றத்து முறைப்பாட்டுக்கும் கொண்டுவந்தால், நம் தோட்டக்காரருக்கு ஒரு பிடி கிடைக்கும். அவருடைய விளக்கம் உறுதியானது: எனக்குத் தெரியாததை எழுதவில்லை, தெரிந்தவர் என் எதிராளி.

கடல் கடந்தும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்த்த ஃபோமன் எதிர் டேவிஸ் வழக்கில், தந்தையின் சொத்தில் பங்கு கேட்ட ஒருவரின் முறைப்பாடு, வாய்மொழி ஒப்பந்தம் செல்லாது என்று தள்ளப்பட்டது. வேறு அடிப்படையில் திருத்துகிறேன் என்றவருக்குக் கீழ் நீதிமன்றம் காரணமே சொல்லாமல் மறுத்தது. மேலே போனபோது, காரணமின்றி மறுப்பது தற்றுணிபே அல்ல என்று திருப்பியடித்தார்கள். எந்தக் காரணங்களுக்கு மறுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு அடுக்கியவற்றில், முன்பு கிடைத்த திருத்த வாய்ப்புகளில் குறையைத் தீர்க்கத் திரும்பத் திரும்பத் தவறுவதும் ஒன்று. முன்பு வாய்ப்புக் கிடைத்திருக்க வேண்டும் என்பது அதற்குள்ளேயே அடங்கிய நிபந்தனை. இங்கிலாந்திலும் கிம் எதிர் பார்க் (2011) வழக்கில் நீதிபதி டுகென்ஹாட் இதே வழியில் போனார்: குறை சரிசெய்யத்தக்கது என்று நம்ப இடமிருந்தால், அதற்கு வாய்ப்புக் கொடுக்காமல் வெட்டுவது வழக்கமல்ல.

தமிழ்நாட்டுப் பக்கம் இன்னொரு மரபு இருக்கிறது. அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தொந்தரவு கொடுப்பதற்கென்றே வழக்குப் போடுகிறவரைத் தடுக்கச் சென்னை மாகாணம் 1949இலேயே தனிச் சட்டம் இயற்றியது. தலைமை வழக்கறிஞர் கேட்டுக்கொண்டால், அனுமதியின்றி இனி எந்த வழக்கும் போடக்கூடாது என்று ஒருவருக்கு உயர் நீதிமன்றம் ஆணையிடலாம். இந்திய உச்ச நீதிமன்றத்தில் 1977இல் வந்த தி. அறிவாந்தாண்டம் எதிர் சத்தியபால் வழக்கும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வெளியேற்ற ஆணையை நிறைவேறவிடாமல் வழக்கு மேல் வழக்காகப் போட்டதைக் கண்ட நீதிபதி கிருஷ்ணய்யர், கெட்டிக்காரத்தனமாக எழுதி வழக்கு மூலம் இருப்பதுபோல் காட்டினால் முளையிலேயே கிள்ளிவிடுங்கள் என்று விசாரணை நீதிபதிகளுக்குச் சொன்னார். இந்தியாவில் முறைப்பாட்டை நிராகரிக்கச் சொல்லும் ஒவ்வொரு எதிராளியும் இன்றைக்கும் அந்த வரியை எடுத்துக்கொண்டு வருகிறார். ஆனால் கிருஷ்ணய்யரின் கோபம் திறமையாக எழுதுபவர் மேல். ஒன்றுமில்லாததை இருப்பதாகக் காட்டுபவர் ஒரு வகை; இருப்பதை எழுதத் தெரியாதவர் வேறு வகை. ஒரே கத்தரிக்கோலால் இருவரையும் வெட்டுவதுதான் இங்கே நடக்கும் தவறு. கிருஷ்ணய்யரே அதே தீர்ப்பில், விசாரணை நீதிபதி வழக்காளியை முதல் அமர்விலேயே அழைத்துத் துருவிக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். கேட்டால் இருவரில் யார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பாதி மட்டும் மேற்கோளில் அதிகம் வருவதில்லை.

மாவட்ட நீதிமன்றத்தின் இந்த நெருக்கடியால்தான் சுற்றாடல் வழக்குகள் கொழும்புக்கு, உயர் நீதிமன்றத்துக்கு, அடிப்படை உரிமை மனுவாகப் போகின்றன. (இலங்கையில் தலைமை நீதிமன்றத்தின் பெயர் அதுவே.) அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதம் மட்டுமே தருகிறது, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முன் கழியும் காலத்தை மட்டும் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு விலக்கிவிடும். ஆனால் வேறுவகைத் தளர்வு உண்டு. ஒழுங்காக மனு வரைய வசதியில்லாதவரின் எழுத்து முறையீட்டை மனுவாகவே எடுத்துக்கொள்ள 1990ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற விதிகளின் 44(7) இடங்கொடுக்கிறது. எழுதத் தெரியாதவரும் நீதிமன்றத்தை அடையலாம் என்று நாட்டின் உச்ச மன்றம் ஒப்புக்கொண்டிருக்கையில், அதன் கீழுள்ள மன்றம் ஒரு பந்தி இலக்கத்துக்காக முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

நுரைச்சோலைக்கு மிக நெருங்கிய முன்னுதாரணம் சுன்னாகம். அங்கே நிலக்கரி இல்லை, எண்ணெய். இயங்கிக்கொண்டிருந்த அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது என்று கரியவசம் எதிர் மத்திய சுற்றாடல் அதிகாரசபை என்ற மனு (உ.நீ. அ.உ. 141/2015) உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மனுதாரர் அந்த ஊர்க்காரர் அல்ல, சுற்றாடல் ஆர்வலர். தகுதி இல்லை, காலம் கடந்தது என்ற ஆட்சேபங்களைக் கடந்து வழக்கு நடந்தது. நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன 2019 ஏப்ரல் 4இல் எழுதிய தீர்ப்பு, நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனத்தை 20 மில்லியன் ரூபா கட்டச் சொன்னது.

அந்த மனு வென்றதற்கு உணர்ச்சி காரணமில்லை. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறுகளைச் சோதித்து எழுதிய அறிக்கைகள் கையில் இருந்தன. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறு முடிவு சொல்லியிருந்தது. இரண்டையும் எடைபோட்டு எது நம்பத்தக்கது என்று நீதிமன்றத்தால் தீர்மானிக்க முடிந்தது. உரிமம் எப்போது கொடுக்கப்பட்டது, அப்போது என்ன பார்க்கப்படவில்லை என்பதும் திகதியோடு இருந்தது. தனியார் நிறுவனத்தையும் உரிமம் கொடுத்த அரச அமைப்புகளையும் ஒரே மனுவில், அவரவர் செய்தது இன்னதென்று பிரித்து நிறுத்தியிருந்தார்கள். 40ஆம் பிரிவு கேட்பதும் கிட்டத்தட்ட இதையேதான். வேறுபாடு ஒன்றுதான்: சுன்னாகத்தில் மின் நிலையத்தை நடத்தாத ஓர் அரச சபை ஏற்கெனவே அளந்து வைத்திருந்தது.

நுரைச்சோலையில் அளவுகோல் பெரும்பாலும் எதிராளியின் கையில். இங்கே சட்டக்கோவையிலேயே பயன்படாமல் கிடக்கும் சில கதவுகளைச் சொல்ல வேண்டும். 94ஆம் பிரிவு கேள்விக்கொத்து அனுப்ப வழிசெய்கிறது. 102ஆம் பிரிவு எதிராளியிடம் உள்ள ஆவணங்களை வெளிப்படுத்த ஆணை பெற வழிசெய்கிறது. இவை வழக்குத் தொடங்கிய பின் கிடைப்பவை. முறைப்பாடோ அதற்கு முன் எழுதப்படுவது. அறிவுள்ள நீதிபதி ஒருவர், விளக்கத்துக்கு முந்திய ஆராய்வில் திருத்த விண்ணப்பத்தை மறுப்பதற்கு முன்பு, அளவீட்டுப் பதிவேடுகளை முன்வைக்கும்படி எதிராளிக்கு ஆணையிடலாம். அவை வந்த பின்னும் பந்தி மொட்டையாகவே இருந்தால் தள்ளட்டும். 93ஆம் பிரிவின் ‘ஈடுசெய்ய முடியாத அநீதி’ என்ற சொற்களுக்குள், உண்மை எதிராளியிடம் பூட்டிக் கிடந்த நிலையையும் அடக்கலாம் என்பது என் கருத்து. சொற்கள் அதைத் தாங்கும். இரண்டு ஆண்டு கழிந்த பின் புதிய முறைப்பாடு என்பது பெயரளவில் மட்டும் இருக்கும் வழி.

வழக்கைத் திரும்பப் பெறும் 406ஆம் பிரிவும் மறக்கக்கூடாதது. வடிவக் குறையால் வழக்கு தோற்கத்தான் வேண்டும் என்று நீதிமன்றம் திருப்திப்பட்டால், மீண்டும் தொடுக்கும் உரிமையோடு விலக அனுமதிக்கலாம். அனுமதி வாங்காமல் விலகினால் அதே விடயத்தில் மறுபடி வரமுடியாது. அவசரத்தில் “விலகிக்கொள்கிறேன்” என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு, பிறகு வந்து நின்று தடுக்கப்பட்டவர்களுக்கு அந்த ஒரு வரியின் விலை தெரியும்.

மொழியும் ஒரு தடைதான். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வழக்கைத் தொடங்கவும் முறைப்பாட்டையும் பிற ஆவணங்களையும் சமர்ப்பிக்கவும் சிங்களத்தையோ தமிழையோ எவரும் பயன்படுத்தலாம் என்கிறது. புத்தளம் வடமேல் மாகாணத்தில் இருப்பதால் நீதிமன்ற மொழி சிங்களம். தமிழ் பேசும் தோட்டக்காரர் சொல்வதைக் கேட்கும் சட்டத்தரணி அதை வேறு மொழியில் எழுதுகிறார். என்ன எழுதினார் என்று கட்சிக்காரர் வாசித்துப் பார்ப்பதில்லை, வாசிக்க முடிவதுமில்லை. எந்த வயல், எந்தப் போகம், எந்த நாள் காற்று என்ற விவரங்களெல்லாம் இந்த இடத்தில் நழுவி, ‘பாரிய சேதம்’ என்ற பொதுச்சொல்லாகத் திரண்டுவிடுகின்றன. தமிழிலேயே முறைப்பாடு கொடுக்கும் உரிமையை இந்தக் கரையில் எத்தனை சட்டத்தரணிகள் எடுத்துச் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான சட்ட உதவி ஆணைக்குழு இதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வழி முறைப்பாட்டுக்கு முன்பே திறந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் மின்சார சபையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் பகிரங்க அதிகாரசபைகள். உரிமத்தின் நிபந்தனைகள், காற்றுத் தர அளவீடுகள், முறைப்பாடுகளின் பேரில் நடந்த பரிசோதனைகளின் அறிக்கைகள் ஆகியவற்றை எழுத்தில் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு. இது எல்லாம் நடக்கச் சில மாதங்கள் போகலாம். காலவிதிப்புச் சட்டத்தின் இரண்டு ஆண்டில் அந்த மாதங்களையும் கழித்துக்கொண்டுதான் கணக்குப் பார்க்க வேண்டும். ஆகவே மே மாதக் காற்றில் கெட்ட பயிருக்கு, கடிதம் அந்த ஆண்டு மாரிக்கு முன்பே போயிருக்க வேண்டும். சட்டத்தரணியைத் தேடுவது அதற்குப் பிறகு.